போகும் ஊர் இல்லாத வண்டி

பெட்டியைத் திறந்ததும் என் கண்ணுக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது சேசிஸ்தான். அலுமினியத்தில் இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றைச் சேர்த்துக் கட்டக் குறுக்குச் சட்டங்கள். ராணித்தோட்டம் பணிமனையில் பஸ்களுக்கு அடியில், குழிக்குள் நின்று, வேலைக்காலம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அதே ஏணி. இப்போது ஒரு கையால் தூக்கிவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது நேசமணி போக்குவரத்துக் கழகம். 1997இல் தலைவர்களின் பெயர்களையெல்லாம் எடுத்த பிறகு அரசுப் போக்குவரத்துக் கழகம். வண்டியின் நெற்றியில் பெயர் மாறியது. அடியில் ஏணி மாறவில்லை.

பெட்டிக்குள் இருந்தது ஸ்கானியா ஆர் 620. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தில் 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கி, பிறகு மாதிரி வண்டிகளுக்குப் போன தமியா கம்பெனி 1/14 அளவில் செய்கிற ரிமோட் லாரி. முழு லாரியாக விற்க மாட்டார்கள். உறுப்புகளையும் ஒரு படப் புத்தகத்தையும் கொடுத்து, பூட்டிக்கொள் என்று விட்டுவிடுவார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மூத்தவன் லீவுக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வந்தான். அப்பா ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருந்தால் அம்மாவுக்குத் தொந்தரவு என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பொம்மை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பின்னால் இரண்டு ஆக்சில். இரண்டிலும் டிஃப்ரன்ஷியல், அதற்குள் உளுந்து அளவில் பல்சக்கரங்கள். தகட்டில் செய்த கமான் பட்டைகள். மூன்று கியர் உள்ள கியர் பெட்டி. ஒரு சின்ன செர்வோ மோட்டார் கியரை மாற்றும். நாலு சேனல் ரிமோட்: திருப்ப ஒன்று, ஓட்ட ஒன்று, கியருக்கு ஒன்று, விளக்குக்கும் சத்தத்துக்கும் ஒன்று. எஞ்சின் கிடையாது, 7.2 வோல்ட் பேட்டரியும் மோட்டாரும்தான். ஆனால் தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்கி வைத்தால் டீசல் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கரில் கொடுக்கும். வண்டியை நடுங்கவைப்பதற்கென்றே ஒரு குட்டி மோட்டாரும் அதோடு உண்டு. நிஜ வண்டியில் எந்த நடுக்கத்தை ஒழிக்க என் முதுகு ஒடிந்ததோ அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இந்த லாரியில் பாரம் ஏற்றவும் முடியாது. டிரெய்லர் தனி கிட். இது தலை மட்டும். சுமக்க இடம் இல்லை, ஏறி உட்கார இடம் இல்லை, போய்ச் சேர வேண்டிய ஊரும் இல்லை. சாப்பாட்டு மேசையில் பாதியை இது பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி கேட்டாள்: "இத வச்சி என்ன செய்யப் போறிய?"

இந்தக் கேள்வியைக் கடவுளிடமே கேட்டிருக்கிறார்கள். பாதராயணரின் பிரம்மசூத்திரத்தில், இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தில், 32ஆம் சூத்திரம் எதிராளியின் வாயால் கேட்கிறது: எவனும் ஒரு பயன் கருதித்தான் ஒன்றைச் செய்வான். குறையே இல்லாத பிரம்மத்துக்கு உலகத்தால் என்ன பயன்? பயன் உண்டென்றால் அதற்குக் குறை உண்டு. பயன் இல்லையென்றால் அது ஏன் படைக்க வேண்டும்? அடுத்த சூத்திரத்தில் பதில்: உலகத்தில் நாம் பார்க்கிறபடிதான், வெறும் விளையாட்டு. எல்லாம் நிறைந்த ஒரு அரசன் விளையாடுவதைச் சங்கரர் எடுத்துக்காட்டுகிறார். மூச்சு யாரும் திட்டம் போடாமல் வந்து போவதையும் சொல்கிறார். ராமானுஜருடைய அரசன் ஏழு தீவுகளையும் ஆள்கிறவன், வீரத்தில் குறைவில்லாதவன். அவன் பந்து விளையாடுகிறான். பந்து எதற்கு என்று அவனை யாரும் கேட்பதில்லை. இரண்டு ஆசிரியர்களும் வேறு எதிலும் எளிதில் ஒத்துப்போகாதவர்கள். அரசனின் விளையாட்டில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். பென்ஷன்காரனும் ஒருவகையில் அரசன்தான் என்று சொல்லி வீட்டில் தப்பித்துவிடலாம். ஆனால் அந்தப் பதில் எனக்குள் அவ்வளவு சுலபமாக உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போகும் சைவ சித்தாந்த வகுப்பில் இப்போது சிவஞான சித்தியார் நடக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் செய்தது. படைத்தல், காத்தல் முதலான தொழில்களை இறைவன் எதற்காகச் செய்கிறான் என்ற இடத்தில் அருணந்தி சண்டைக்குப் போகவில்லை. முதல்வனின் விளையாட்டு என்று சொன்னாலும் பொருந்தும் என்கிறார். உயிர்களுக்குப் போகமும் முத்தியும் கொடுக்க என்றும், அருளால் உயிரின் அழுக்கான மலத்தைத் துடைக்க என்றும் சொல்லலாம் என்று அடுத்த மூச்சில் சேர்க்கிறார். வகுப்பெடுக்கும் சார், ரிட்டயரான தமிழ்ப் பேராசிரியர், விளையாட்டை வேகமாகத் தாண்டி மலத்தைத் துடைப்பதற்குப் போய்விடுவார். எனக்கு அந்த முதல் படியிலேயே நிற்க வேண்டும் போலிருந்தது. வீட்டில் டிஃப்ரன்ஷியல் பாதியில் கிடந்தது.

சித்தாந்தத்தில் இன்னொரு விஷயம் உண்டு. குடம் உண்டாக மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். மாயையைச் சிவன் உண்டாக்கவில்லை. அதுவும் அநாதி, உயிரும் அநாதி. ஆகவே சைவரின் கடவுள் இல்லாத பொருளை உண்டாக்குகிறவர் இல்லை. இருக்கிற பொருளை எடுத்து, பூட்டி, ஓடவிடுகிறவர். இதை என் பழைய கூட்டாளியிடம் சொன்னேன். அவர் டயர் செக்‌ஷனில் இருந்தவர், சி.எஸ்.ஐ. சபைக்காரர், மாலையில் வெட்டூர்ணிமடத்திலிருந்து நடந்து வருவார். "அப்பம் ஒங்க சாமி கிட் வாங்கிப் பூட்டுகவரு. எங்க சாமி பிளாஸ்டிக்கையே வார்த்தையால உண்டாக்கினவரு, பாத்துக்கிடும்" என்றார். ஆனால் விளையாட்டுப் பேச்சு வந்ததும் அவரே 104ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொடுத்தார்: கடல் பெரியது, கப்பல் ஓடுகிறது, லிவியாதான் என்கிற பெரிய மிருகம் அதில் இருக்கிறது; அது விளையாடட்டும் என்றே கடவுள் அதை உண்டாக்கினார். கப்பலுக்குப் பயன் உண்டு. லிவியாதானுக்கு விளையாட்டு மட்டுமே.

தமிழில் இந்த வண்டி மிகப் பழையது. குறுந்தொகையில் 61ஆம் பாட்டில், தும்பிசேர் கீரனார், தச்சன் செய்துகொடுத்த சின்ன வண்டியைப் பற்றிச் சொல்கிறார். பிள்ளைகளால் அதில் ஏறிப் போக முடியாது. கையால் இழுத்துக்கொண்டு திரிகிறார்கள், சந்தோஷம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. தலைவனை அடைய முடியாவிட்டாலும் அவன் நட்பே போதும் என்று தோழி சொல்லும் பாட்டு அது; வண்டி உவமைக்கு வந்தது. எனக்கு உவமைதான் முக்கியம். இழுக்கும் கயிற்றின் இடத்தில் இப்போது ரேடியோ அலை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரையில்லாத மூன்று சக்கரத் தேர் உருட்டுகிறார்கள். கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி சக்கரத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. பிள்ளைத்தமிழ் பாடும் புலவர்கள் ஒரு படி மேலே போய், ஆண்பால் தெய்வத்தைப் பிள்ளையாக்கி, கடைசிப் பருவத்தில் அவன் கையில் சிறுதேரைக் கொடுத்து உருட்டச் சொல்கிறார்கள். பத்துப் பருவத்தின் முடிவு அதுதான். உலகத்தையே உருட்டுகிறவனிடம் ஒரு மரவண்டியைக் கொடுத்துக் கெஞ்சுவதில் பக்தியும் இருக்கிறது, கேலியும் இருக்கிறது.

பெரிய தேர் மட்டும் என்ன? மார்கழித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் சுசீந்திரத்தில் மூன்று தேர் ஓடும்: சுவாமி தேர், அம்மன் தேர், பிள்ளையார் தேர். எத்தனை டன் மரம், எத்தனை ஆள், எத்தனை வடம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புகிற ஆட்களின் கண்ணைப் பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கிற டாரஸ் லாரியின் கிளீனரிடம்கூட அவ்வளவு கவனம் இருக்காது. இவ்வளவும் செய்து தேர் எங்கே போகிறது? நாலு வீதி சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிலையில் நிற்கிறது. சுவாமி தாணுமாலயனுக்கு எந்த ஊருக்கும் போக வேலை இல்லை. போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் இது காலி கிலோமீட்டர், வசூல் பூஜ்யம். ஊரே கூடி வருஷா வருஷம் இந்தக் காலி கிலோமீட்டரை ஓட்டுகிறது, ஒருவரும் எதற்கு என்று கேட்பதில்லை.

விளையாட்டு என்றால் அலட்சியம் என்று நினைக்கிறோம். 'விளையாட்டுத்தனமாச் செய்யாதே' என்று பயிற்சிப் பையன்களிடம் நானும் சொல்லியிருக்கிறேன். மேசைமேல் கிடந்த இந்த ஸ்கானியா வேறு மாதிரி யோசிக்கவைத்தது. வேலையில் நோக்கம் வண்டி ஓடுவது. விடியற்காலை முதல் சிங்கிளுக்கு அது புறப்பட வேண்டும். பிரேக்கு பிடிக்க வேண்டும், ஸ்டியரிங் கேட்க வேண்டும், பயணிகள் வீடு சேர வேண்டும். அதில் குறை வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டோம். ஆனால் ஓடுவதற்குத் தேவைப்படாத எதன் பக்கமும் கண் போகாது. இங்கே எனக்கு அவசரம் இல்லை, கேட்பார் இல்லை. டிஃப்ரன்ஷியலின் ஒவ்வொரு பல்லிலும் கிரீஸ் தொட்டு வைத்தேன். கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் கையின் உள்பக்கம், கேபினில் பொருத்திய பிறகு எந்தக் கண்ணுக்கும் படாத இடம், அதில் அச்சுக்கோடு துருத்திக்கொண்டிருந்தது. உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். நிஜ வண்டி ஒன்பது டன் என்று வைத்தால், நீளம் அகலம் உயரம் மூன்றும் பதினாலில் ஒன்றாகும்போது எடை 2744இல் ஒன்று ஆக வேண்டும். அப்படியானால் மூன்றே கால் கிலோ. தராசில் அதைவிடக் கூடுதலாகத்தான் நிற்கிறது. இந்தக் கணக்கால் யாருக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. ஆனாலும் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நான் ஒருநாளும் செய்யாத உபசாரம் இது.

தேவைக்காகச் செய்கிறவன் தேவைக்கு உதவுகிற பாகத்தை மட்டும் பார்ப்பான். விளையாடுகிறவன் முழுப் பொருளையும் பார்ப்பான். இதைக் கடவுளுக்குப் பொருத்திப் பார்த்தால் சூத்திரக்காரர் சொன்னது வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. உலகத்தால் ஏதோ ஆக வேண்டியிருக்கும் ஒரு கடவுள், அந்தக் காரியத்துக்கு உதவாததைக் கவனித்திருக்க மாட்டார். கீரிப்பாறைக் காட்டில் ஓடைக்கல்லுக்கு அடியில், யாரும் பார்க்காமலே பிறந்து சாகிற தவளையின் முதுகில் அத்தனை புள்ளியும் கோடும் எதற்கு? ஒரு முதலாளி அந்தச் செலவை வெட்டியிருப்பான். படைப்பு விளையாட்டு என்பது படைத்தவனைக் குறைத்துச் சொல்வது என்று என் வகுப்புத் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது அவனைப் பற்றிச் சொன்ன மிக மரியாதையான வார்த்தையாகப் படுகிறது.

சூத்திரக்காரர் அதோடு நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. 34ஆம் சூத்திரத்தில் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. விளையாட்டென்றால், ஒருவன் நல்லா இருக்கிறான், ஒருவன் நசுங்குகிறான். விளையாடுகிறவன் பாரபட்சக்காரனா, இரக்கமற்றவனா? இல்லை, அவரவர் வினையைப் பொறுத்தே அவன் கொடுக்கிறான் என்பது பதில். முதன்முதல் படைப்பில் வினை ஏது என்று கேட்டால், உலகத்துக்கு முதல் என்பதே கிடையாது, வினை அநாதி என்கிறது 35ஆம் சூத்திரம். வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஓட்டை தெரியாது.

எங்கள் ஊரில் இதைக் கரும்பலகையில் மட்டும் வைத்திருக்க முடியாது. டாரஸ் என்பது ஒரு கம்பெனி ஒரு மாடலுக்கு வைத்த பெயர். குமரி மாவட்டத்தில் பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் உள்ள எந்த டிப்பரும் டாரஸ்தான். மேற்கே மலையை உடைத்துக் கல்லும் எம்‑சாண்டும் கேரளத்துக்குப் போகின்றன. விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்காகக் கடலில் அலைதடுப்புச் சுவர் போட்டபோது இங்கிருந்து கல் போனது. ஒற்றைச் சாலையில் இரவும் பகலும் வரிசையாகப் போகிற அந்த லாரிகளைப் பார்த்தால் மலையே டயர் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். மறியல், மனு, நேரக்கட்டுப்பாடு, மறுபடி மறியல். நடுவே விபத்துச் செய்தி.

எங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு பையன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், பைக்கில் போகும்போது கல் லாரி ஒன்றில் அடிபட்டுப் போய்விட்டான். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நல்ல மனுஷர், அந்த அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "எல்லாம் அவன் விளையாட்டு, மக்களே. நம்ம கையில என்ன இருக்கு?" இன்னொருவர் வினை என்றார். 33ஆம் சூத்திரமும் 34ஆம் சூத்திரமும் சாவு வீட்டுக்கு வந்து அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. அந்த அம்மா இரண்டையும் கேட்டதாகத் தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போது கூட்டாளி சொன்னார்: "யோபுக்க கூட்டுக்காரங்க ஏழு ராத்திரியும் பகலும் ஒண்ணும் பேசாம தரையில இருந்தாங்க வே. அதுவரைக்கும் செரிதான். வாயத் தொறந்த பெறவுதான் எல்லாம் கெட்டுது."

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சூத்திரத்தில் விளையாட்டு என்ற பதில் வருவது ஒரே ஒரு கேள்விக்கு: ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ இருக்கிறது? அந்தக் கேள்விக்கு இதைவிடக் கண்ணியமான பதில் எனக்குத் தெரியாது. இந்தப் பையன் ஏன் செத்தான் என்ற கேள்விக்கு அதே பதிலை எடுத்துக்கொண்டு போனால் அது வசவாகிவிடுகிறது. பையன் செத்ததற்குக் காரணம் தேடுகிறவன் வளைவையும், லாரியின் வேகத்தையும், ஏற்றியிருந்த பாரத்தையும், ஓட்டியவன் எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தான் என்பதையும், அந்த நேரத்தில் அந்த ரோட்டில் லாரியை விட்டது யார் என்பதையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் விசாரிக்க ஆள் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. பிரேக்கு பிடிக்காத வண்டியை ஈசன் விளையாட்டு என்று எழுதி எஃப்.சி. வாங்க முடியாது. வினை என்ற பதிலோ, என்னைப் பொறுத்தவரை, அவனவன் தன்னைப் பற்றி மட்டும் சொல்லிக்கொள்ள உரிமையுள்ள பதில். அடுத்தவன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல நாக்கு வரக் கூடாது.

இதை வகுப்பில் சொன்னபோது சார் கேட்டார்: "அப்படியானால் விளையாடுகிறவனுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லையா? கிட்டைப் பூட்டி மாடியில் ஓடவிட்டுவிட்டு ரிமோட்டோடு தள்ளி நிற்கிறவன்தானா உங்கள் கடவுள்?" நல்ல அடி. பரஞ்சோதி முனிவர் பாடியது சிவனின் அறுபத்துநான்கு விளையாடல். அவற்றில் ஒன்றை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

வைகை உடைத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்கிற கிழவி வந்திக்கு ஆள் இல்லை. சிவன் கூலியாளாக வருகிறான், பிட்டுதான் கூலி. பணிமனையில் இருந்தவன் என்ற முறையில் இந்தக் கதையில் எனக்கு எப்போதும் ஒரு புகார் உண்டு: அவன் வேலையைச் செய்யவே இல்லை. பிட்டைத் தின்றான், பாடினான், ஆடினான், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். கிழவியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. மேஸ்திரி இடத்தில் நான் இருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். அரிமர்த்தன பாண்டியன் பிரம்பை எடுத்தான். விளையாட்டில் கவனம் உண்டு என்று மேலே சொன்ன என் வாதத்துக்கு இந்தக் கூலியாள் சாட்சி சொல்ல வர மாட்டான்.

ஆனால் அந்த அடி அவன் முதுகில் விழுகிறது. விழுந்த அடி அடித்தவன் மேலும் பட்டது, அரண்மனையில் இருந்தவர்கள் மேலும் பட்டது, உயிருள்ள எல்லாவற்றின் மேலும் பட்டது என்கிறது புராணம். இந்த இடம் எந்தச் சூத்திரத்திலும் இல்லை. பந்து விளையாடுகிற அரசன் பந்தாக மாட்டான். சங்கரரின் அரசனை யாரும் தொட முடியாது. மதுரையில் விளையாடினவன் மண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று அடி வாங்கியிருக்கிறான், அதுவும் கூலிக்காரன் வாங்குகிற மாதிரி, காரணம் கேட்காமல். ரிமோட்டோடு தள்ளி நிற்கிற கடவுளை மறுக்க எனக்கு இந்த ஒரு முதுகு போதும். அந்த அம்மாவிடம் இதைக்கூட நான் போய்ச் சொல்ல மாட்டேன். எனக்கு நானே வைத்துக்கொள்கிறேன்.

அவன் அடி வாங்கியது அருள், அதை லீலைக் கணக்கில் எழுதக் கூடாது என்கிறார் சார். அருணந்தி விளையாட்டையும் அருளையும் ஒரே பாட்டுக்குள் வைத்தது சும்மாவா என்று நான் கேட்டேன். உரையில் இந்த இடத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் பரஞ்சோதியை எடுத்துக்கொண்டு போகிறேன். கூட்டாளியும் யோபுவோடு வருகிறேன் என்கிறார். சித்தாந்த வகுப்பில் அதற்கு அனுமதி உண்டா என்று இன்னும் கேட்கவில்லை.